இரும்பு எடுத்த மண்

வயிற்றில் பிள்ளை இல்லாத காலத்திலேயே மோகனப்பிரியா பிள்ளைத்தாய்ச்சி மாத்திரை போட ஆரம்பித்துவிட்டாள். அதையும் ஒளித்து வைத்துப் போடவில்லை. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியில், சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாரும் குழாயடியில் கை கழுவும் நேரத்தில், பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்வாள்.

"மாசாமாசம் தலைக்கு ஊத்திக்கிறவளுக்கு எதுக்குடி முழுகாதவ மாத்திர?" என்று யாராவது கேட்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"வரப்போறவங்களுக்கு வூட்ட முன்னாடியே கூட்டி வைக்க வேணாமா?" என்பாள் மோகனப்பிரியா. அவளும் சிரிப்பாள். ஆனால் அவள் சிரித்து முடித்த பிறகு வேறு யாரும் சிரிக்க மாட்டார்கள். முதல் பிள்ளை எப்படிப் போனது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஆண் பிள்ளை. ஒரு சாயங்காலம் மட்டும் உயிரோடு இருந்தான். முதுகின் கீழ்ப்பக்கம் மூடாமல் திறந்திருந்தது. கால்கள் இரண்டும் வடித்து வைத்தது போல இருந்தன, ஆனால் அசையவில்லை. அவள் அவன் உள்ளங்காலில் விரலை வைத்துப் பார்த்தாள். இன்னொரு காலிலும் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மா அவளை உட்கார வைத்துச் சொன்னாள். "கொழந்தையோட முதுகுத்தண்டு மூடிக்கிறது மொத மாசத்துலயேம்மா. நாள் தள்ளிப் போயிருக்குன்னு உனக்குத் தெரியறதுக்குள்ள அந்த வேல முடிஞ்சிடும். அதுக்கு ஃபோலிக் ஆசிட்னு ஒரு வைட்டமின் வேணும். அது பத்தாமப் போனா சிலதுக்கு இப்பிடி ஆவும். உனக்கு அதனாலதான் ஆச்சுன்னு அடிச்சிச் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்ததுக்கு நெனைக்கிறதுக்கு முன்னாடியே மாத்திரைய ஆரம்பிச்சிடணும். உனக்கு வலுவானதாவே எழுதித் தரேன்."

மோகனப்பிரியாவுக்குக் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை. அச்சிலிருந்து வரும் சுடாத பச்சைப் பொம்மை ஒவ்வொன்றுக்கும் முதுகில் ஒரு கோடு இருக்கும், அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம். ஈரம் இருக்கும்போதே அதைக் கத்தியால் வழித்து, ஸ்பாஞ்சால் தடவி மூடிவிட வேண்டும். காய்ந்துபோன பிறகு எதை அப்பினாலும் சூளையில் வாய் பிளந்துகொள்ளும். கிருஷ்ணன், பிள்ளையார், வாத்தியக் கோஷ்டி என்று எத்தனையோ முதுகுகளை அவள் விரல் மூடியிருக்கிறது. டாக்டரம்மா சொன்னது அவளுக்கு உடனே புரிந்தது. புரிந்ததால் தூக்கம் போனது. மறு வாரமே மாத்திரையை ஆரம்பித்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் மாதம் மூன்று நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வட்டமாகத் தட்டிய ஈர மண்ணில் பிள்ளையின் வலது காலை வைத்து அழுத்தி எடுத்து, சூளையில் வைத்துச் சுடுவார்கள். பாதம் எடுப்பது என்று பெயர். சுட்டு வந்த பாதத்தை ஃபினிஷிங் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். சுவர் முழுக்கப் பால் வெள்ளையில் சின்னச் சின்னப் பாதங்கள். அவற்றில் சில இப்போது கல்லூரிக்குப் போகின்றன.

அவள் புருஷன் பழமலைநாதன் அதே கம்பெனியில் சூளைக்காரன். அதிகம் பேசாதவன். முதல் பிள்ளைக்காக அவள் நிறைமாதமாக இருந்தபோதே மண்ணைத் தட்டி ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவன், அதை உடைத்து மறுபடியும் மண்கூழ்த் தொட்டியில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். அதைப் பற்றி அவளிடம் அவன் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

இரண்டாவது தங்கியபோது அவள் யாரிடமும் சொல்லாமல் ஸ்கேனுக்காகக் காத்திருந்தாள். ஐந்தாம் மாதத்தில் படுக்க வைத்துப் பார்த்த டாக்டரம்மா, திரையைத் திருப்பிக் காட்டினாள். முத்துக் கோத்தது மாதிரி ஒரு வரிசை, மேலிருந்து கீழே வரைக்கும்.

"முதுகு நல்லா மூடியிருக்கும்மா. காலப் பாரு, ஒதைக்கிறத."

அன்று மோகனப்பிரியா கம்பெனிக்குள் நுழைந்த நடையே வேறு. முதலாளி கோதண்டபாணிகூட நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சிவப்பு மாத்திரை, இரும்புச்சத்து. அதையும் அவள் விடவில்லை. டீயோடு போடக்கூடாது என்றார்கள். நாலு மணி டீயையே நிறுத்தினாள். எலுமிச்சம்பழம் நல்லது என்றார்கள். பழமலை தினமும் பிழிந்து கொடுத்தான். வயிறு எரிந்தாலும், வாயெல்லாம் துருப்பிடித்த மாதிரி இருந்தாலும் விழுங்கினாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. இந்த ஊரில் தன்னைப் போல மாத்திரை சாப்பிட்டவள் இருக்க முடியாது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வாள்.

அந்த மாதங்களில்தான் அவளுக்கு மண் வாய்க்குக் கேட்டது.

இது அங்கே யாருக்கும் புதிதல்ல. மசக்கைக்காரிகள் சிலர் மாங்காய் தேடுவார்கள், சிலர் சாம்பல் தேடுவார்கள். பொம்மைக் கம்பெனிக்காரிகளுக்கு வெள்ளை மண். காய்ந்த சில்லு ஒன்றை நாக்கில் வைத்தால் முதலில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு மெல்லக் கரையும்போது கோடை மழையின் முதல் வாசனை தொண்டைக்குள் இறங்கும். மோகனப்பிரியாவுக்கு அந்த வாசனை இல்லாமல் பொழுது நகரவில்லை. அச்சு ஊற்றும் வீரம்மாள், தாயைப் போலத் தேடித் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கீழ கெடக்கறதப் பொறுக்காதடி. இது காந்தத்துல ஓட்டுன மண்ணு. உனக்குன்னு தட்டுல ஊத்திக் காய வச்சேன். பிஸ்கோத்து மாதிரி இருக்கும், தின்னு."

மண்கூழை அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் காந்தக் கம்பிகளின் மேல் ஓடவிடுவார்கள். அதில் துளி இரும்பு தங்கினாலும் சூளையில் வெந்து வரும்போது பொம்மையின் முகத்தில் பழுப்புப் புள்ளியாக நிற்கும், கழிவில்தான் போட வேண்டும். அதனால் அங்கே உசத்தியான மண் என்றால் இரும்பெல்லாம் எடுத்த மண். பிள்ளைத்தாய்ச்சிக்கு உசத்தியானதைத்தானே கொடுப்பார்கள்?

ஏழாம் மாதம் சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்த அன்று, பெஞ்சு நிறைய வயிறுகள். நர்ஸ் அம்புஜவல்லி ஸ்ரீமுஷ்ணத்துக்காரி. அவள் வாய்க்கு அந்த வட்டாரமே பயப்படும். சீட்டைப் பார்த்தாள், மோகனப்பிரியாவைப் பார்த்தாள்.

"போன தடவ ரத்தம் பத்தரை. இப்ப எட்டரை. மாத்திரைய வாங்கிட்டுப் போயி கோழிக்கா போடுற?"

பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"ஒரு நாளும் விட்டதில்ல சிஸ்டர்."

"எல்லாரும் இந்தப் பாட்டத்தான் பாடுறீங்க. அப்புறம் கொழந்த எட பத்தல, பிரசவத்துல ரத்தம் பத்தலன்னு எங்கிட்ட வந்து அழுவீங்க. மொதப் புள்ளைய அப்பிடிக் குடுத்தவ, உனக்குமா சொல்லித் தரணும்?"

மோகனப்பிரியாவுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மஞ்சள் மாத்திரை, எலுமிச்சம்பழம், விட்ட டீ. எழுந்து வெளியே வந்தாள்.

பழமலை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஜங்ஷனிலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவன் முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"தெனமும் போடுறல்ல?"

பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. அவள் பதில் சொல்லவில்லை. கேட் தூக்கினார்கள். பின்னால் நின்ற பஸ்ஸுக்காரன் ஹாரனை அடித்தான். வீடு வந்து சேர்ந்தார்கள். சாப்பிட்டதும் அவன் எதிரில் வந்து நின்று, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள். ஸ்கூலில் பூச்சி மாத்திரை கொடுக்கும்போது டீச்சரிடம் காட்டுவது போல.

"பாத்துக்கிட்டியா மாமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வீட்டில் பேச்சில்லாமல் இருப்பது புதிதல்ல, ஆனால் இது வேறு மாதிரிப் பேச்சில்லாமை. விசிறி சுற்றுகிற சத்தம்கூடக் குற்றம் சொல்வது போல இருந்தது. தான் மூடிய முதுகு இது, தன் உழைப்பு. இவ்வளவு மாத்திரைக்கும் ரத்தம் எங்கேதான் வடிந்து போகிறது? பயம் அவளுக்கு நர்ஸ் திட்டியதில் இல்லை. எல்லாம் சரியாகச் செய்தும் இன்னொரு பிள்ளை கைவிட்டுப் போகுமோ என்பதில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அம்புஜவல்லி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"சண்ட போட வரல. எனக்கே மனசு கேக்கல. அட்டையெல்லாம் எங்க, எடு."

மோகனப்பிரியா காலி அட்டைகளை முறத்தில் போட்டுக் கொண்டுவந்து முன்னால் கொட்டினாள். ஒரு குமியல். அம்புஜவல்லி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வெளிக்கி கறுப்பா போவுதா?"

"ம்."

"அப்ப மாத்திர உள்ளதான் போவுது. ரத்தத்துல ஏற மாட்டேங்குது." அவள் யோசித்தபடி மோகனப்பிரியாவின் முகத்தையே பார்த்தாள். "இன்னிக்குக் கம்பெனி லீவுதான?"

"ஆமா."

"குளிச்சிட்டுத்தான உக்காந்துருக்க?"

"ஆமா சிஸ்டர்."

"அப்புறம் ஏன் ஒதட்டோரத்துல வெள்ளையா இருக்குது?"

மோகனப்பிரியா கையால் துடைத்துக்கொண்டாள். இதில் மறைக்க அவளுக்கு ஒன்றுமில்லை. சமையல்கட்டுக்குப் போய் டப்பாவை எடுத்துவந்து திறந்து காட்டினாள். பிஸ்கட் மாதிரி வெட்டி அடுக்கிய வெள்ளை மண்.

"வாய்க்குக் கேக்குது. ஆனா கண்டத எல்லாம் தின்ன மாட்டேன் சிஸ்டர். இது நல்ல மண்ணு. காந்தத்துல ஓட்டுனது. துளி இரும்பு இருக்காது."

அம்புஜவல்லி டப்பாவைப் பார்த்தாள். "துளி இரும்பு இருக்காது," என்று மெல்லத் திருப்பிச் சொன்னாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அடியே, நாங்க ஊரு ஊராப் போயி இரும்பக் குடுக்கறோம். நீ இரும்பெடுத்த மண்ணாத் தேடித் தின்னுக்கிட்டு இருக்க. இந்த மண்ணு சும்மா இருக்குமா? வயித்துல போற மாத்திரையப் புடிச்சி வச்சிக்கிட்டு, அதையும் இழுத்துக்கிட்டு வெளிய போயிடுது. ரத்தம் கொறைஞ்சா மண்ணு கேக்கும். மண்ணத் தின்னா ரத்தம் இன்னும் கொறையும். இது ஒரு செக்கு, சுத்திக்கிட்டே கெடக்கும்."

மோகனப்பிரியா டப்பாவை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். காய்ந்த மண் எப்படி உறிஞ்சும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாக்கில் வைத்ததும் ஒட்டிக்கொள்கிறதே, அது வேறென்ன? கதவோரம் நின்றிருந்த பழமலை கொல்லைப்பக்கம் போனான்.

அவள் எழுந்து போய் டப்பாவைத் தண்ணீர் வாளியில் கவிழ்த்தாள். மண் நுரைத்துக் கரைந்தது. அந்த வாசனை எழும்பி வந்தபோது வாயெல்லாம் ஊறியது. மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் வீரம்மாள் வழக்கம் போலப் பொட்டலத்தை நீட்டினாள்.

"வேணாங்க்கா."

"ஏன்டி, ருசி கொறைஞ்சிடுச்சா?"

மோகனப்பிரியா சொன்னாள். வீரம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நர்ஸு சொல்லிட்டாளாமா? நாலு பெத்தவடி நானு. நாலுக்கும் இந்த மண்ணத் தின்னுதான் பெத்தேன். உன் புள்ளைக்கி வெசமா வக்கப் போறேன்?"

"நீ வெசம் வப்பியாக்கா? உன் கையால குடுத்தா வெசத்தையும் தின்னுடுவேன். அதனாலதான் குடுக்காதன்னு சொல்றேன்."

கொட்டகையே கேட்டுக்கொண்டிருந்தது. வீரம்மாள் அச்சுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறக்காமலே சொன்னாள்.

"மூணாவது பொறக்கும்போது ரத்தம் ஏத்துனாங்கடி எனக்கு. கடலூருக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. ஏன் இப்பிடி ஆச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. ஒருத்தருக்கும் தெரியல."

மோகனப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் ஒரே வெள்ளை.

கோதண்டபாணி அவளைக் கூப்பிட்டு, பேக்கிங் பக்கம் போய்விடச் சொன்னார், அங்கே மண் இருக்காது, வைக்கோல்தான் இருக்கும். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "கைக்கு வேல இருக்கட்டும் மொதலாளி. வாய்க்குத்தான் தட."

சொல்வது சுலபம். காற்றிலும் மண், புடவையிலும் மண், வியர்வையில் கரைந்து உதட்டுக்கு வருவதும் மண். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு முதுகுகளை மூடினாள். ஆசை வந்து நெஞ்சை அடைக்கும்போது கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வாள். அந்த நேரத்தில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். வீரம்மாள் மட்டும் வறுத்த வேர்க்கடலையும் பெண்ணாடத்து வெல்லமும் கலந்து ஒரு கை அவள் மடியில் போட்டுவிட்டுப் போவாள். அம்புஜவல்லி டாக்டரைக் கேட்டு மாத்திரையை இரண்டாக்கினாள். பழமலை எங்கிருந்தோ தினமும் முருங்கைக்கீரையோடு வந்தான்.

ஒன்பதாம் மாதம், பெஞ்சு நிறைந்திருந்த அதே இடத்தில், அம்புஜவல்லி சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பதினொண்ணு! இந்தாங்கடி, இவளப் பாத்துக்குங்க. மாத்திர எப்பிடிப் போடணும்னு எங்கிட்டக் கேக்க வேணாம், இவகிட்டக் கேளுங்க."

மோகனப்பிரியா சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

பெண் பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். "கவுத்துப் போடுங்க," என்றாள் அவள். பிள்ளையின் முதுகில், பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் விரலை ஓட்டினாள். ஃபினிஷிங்காரியின் விரல் அது, மயிரிழை வெடிப்பும் தட்டுப்பட்டுவிடும். ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு உள்ளங்காலைத் தொட்டாள். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அப்போதுதான் அழுதாள்.

வளர்மதி என்று பெயர் வைத்தார்கள். மாதம் மூன்று நிறைந்ததும் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பழமலை மண்ணை வட்டமாகத் தட்டி ஈரச்சாக்கில் மூடி வைத்திருந்தான். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். வீரம்மாள் பிள்ளையைக் கையிடுக்கில் பிடித்து, வலது காலை மண்ணில் வைத்தாள். மண்ணின் குளிர்ச்சி பட்டதுதான் தாமதம், வளர்மதி ஓங்கி ஓர் உதை விட்டாள். குதிகால் ஆழமாக இறங்கி, விரல்கள் ஐந்தும் மண்ணை உழுதுகொண்டு போயின. வீரம்மாள் முகத்தில் ஒரு கட்டி மண் தெறித்தது.

"அடி பாவி மவளே, ரவ நேரம் சும்மா இரேன்டி!"

கோதண்டபாணி எட்டிப் பார்த்துவிட்டு, "கலைஞ்சி போச்சு பழமல. வேற தட்டு. தூங்கும்போது வச்சி எடுத்துக்கலாம்," என்றார்.

மோகனப்பிரியா அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதம் மாதிரியே இல்லை. யாரோ ஓடியபோது விட்டுப்போன தடம் மாதிரி இருந்தது. அசையாத கால் எவ்வளவு சுத்தமாகப் பதிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

"வேணாம் மொதலாளி. இதுதான் எம் பொண்ணு. இப்பிடியே சுடட்டும்."

சூளை ஆறித் திறந்த அன்று பழமலை அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். வெள்ளை ஓட்டில் உழுத தடம் அப்படியே நின்றிருந்தது. மேலெல்லாம் பழுப்புப் புள்ளிகள், மச்சம் தெளித்தது போல. பொம்மையாக இருந்தால் கழிவில் போயிருக்கும். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"வேணும்னுதான் காந்தத்துல ஓட்டல," என்றான் அவன். ரயில்வே கேட்டில் அன்று அவன் கேட்ட கேள்வி இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை நாள் நின்றிருந்தது. அது நகர்ந்து வழிவிட்டதை அவள் உணர்ந்தாள்.

"மூலையில மாட்டவா?" என்று சுத்தியலை எடுத்தான்.

"எதுக்கு மூலையில? வாசலுக்கு நேரா அடி மாமா."

அவன் அடித்தான். இடுப்பிலிருந்த வளர்மதி ஒவ்வொரு அடிக்கும் ஒரு உதை விட்டாள். வலிக்கத்தான் செய்தது. மோகனப்பிரியா பிள்ளையை இடம் மாற்றிக்கொள்ளவில்லை.